சாண்டோ பனியன் தெரியும்... சாண்டோவைத் தெரியுமா? - உடம்பை வைத்துப் பிழைத்த ஒரு ஜிம் மாஸ்டரின் கதை!

துணிக்கடைக்குப் போய் பனியன் வேணும்னு கேட்டுப் பாருங்க. ஆர்.என்.எஸ்-ஸா, சாண்டோவா என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். கை வைத்தது ஆர்.என்.எஸ். கை இல்லாமல் தோள் முழுசாகத் தெரிகிற மாதிரி இருப்பது சாண்டோ. அப்பா, தாத்தா காலத்திலிருந்து நம்ம வீட்டுக் கொடியில் காய்கிற அயிட்டம்தான்.

பழைய தேவர் பிலிம்ஸ் படங்களைப் பார்த்தவர்களுக்கு இதே பெயர் டைட்டில் கார்டிலும் கண்ணில் பட்டிருக்கும். சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர். சினிமாவுக்கு வருவதற்கு முன்பே கோயம்புத்தூரில் உடற்பயிற்சி செய்து உடம்பை வளர்த்தவர். அந்தக் காலத்தில் நம்ம ஊரில் யாராவது உடம்பை முறுக்கேற்றி நின்றால் அவருக்கு சாண்டோ என்று பட்டம் கொடுத்துவிடுவார்கள். ஆந்திராவின் கோடி ராமமூர்த்தி நாயுடுவுக்கு இந்தியன் சாண்டோ என்றே பெயர்.

ஆனா, சாண்டோ என்பது பட்டம் இல்லை. ஒரு ஆளோட பெயர். இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு ஆள் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். அவர் செய்த வேலையைத்தான் இன்றைக்கு நம்ம ஏரியா ஜிம்மில் பி.டி. என்று சொல்கிறோம். பெர்சனல் டிரெய்னிங். உடம்பைக் காட்டி ஆளைச் சேர்ப்பது, ஒவ்வொருவருக்கும் தனியாக சார்ட் போட்டுக் கொடுப்பது, வெளியூர்க்காரனுக்கு தபாலில் கோச்சிங், டப்பாவில் அடைத்த சத்து பவுடர், பிஃபோர் - ஆஃப்டர் போட்டோ... எல்லாத்தையும் 120 வருடங்களுக்கு முன்பே பண்ணிப் பார்த்துவிட்டார் மனுஷன். அதில் சம்பாதிக்கவும் செய்தார், கையைச் சுட்டுக்கொள்ளவும் செய்தார்.

ஊரைவிட்டு ஓடிய பையன்

1867 ஏப்ரல் 2. அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரத்தில் பிறந்தார் ஃபிரெட்ரிக் வில்ஹெம் முல்லர். அந்த ஊர் இன்று ரஷ்யாவிடம் இருக்கிறது, பெயர் கலினின்கிராட். அப்பா ஜெர்மன்காரர். அம்மா வழியில் ரஷ்ய ரத்தம். பையன் பாதிரியாராக வேண்டும் என்பது வீட்டின் ஆசை. பையனின் ஆசை வேறு.

சின்ன வயதில் அப்பாவோடு இத்தாலி போனதாகவும், அங்கே மியூசியத்தில் இருந்த பளிங்குச் சிலைகளைப் பார்த்து, மனுஷ உடம்பு இப்படியும் இருக்குமா என்று அசந்துபோனதாகவும், அன்றிலிருந்து உடற்பயிற்சியில் இறங்கியதாகவும் பின்னாளில் தன்னைப் பற்றி எழுதிக்கொண்டார். நோஞ்சான் பையன் பயில்வானான கதை. இது எவ்வளவு நிஜம் என்பதில் அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்களுக்கு சந்தேகம் உண்டு. இன்ஸ்டாவில் கோச்களின் பயோவைப் படிக்கிற நமக்கு அந்த ஃபார்முலா புதுசு இல்லை. முதலில் நானும் உங்களை மாதிரிதான் இருந்தேன் என்று சொன்னால்தான், எதிரில் இருப்பவனுக்கு நம்பிக்கை வரும்.

1885 வாக்கில் கட்டாய ராணுவ சேவையிலிருந்து தப்பிக்க ஊரைவிட்டுக் கிளம்பினார். சர்க்கஸில் சேர்ந்து ஐரோப்பா முழுக்கச் சுற்றினார். இந்தக் காலத்தில்தான் பழைய பெயரை உதறிவிட்டு அம்மாவின் குடும்பப் பெயரைக் கொஞ்சம் மாற்றி சாண்டோ என்று வைத்துக்கொண்டார். முன்னால் யூஜின்.

பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் அவருக்கு குரு கிடைத்தார். நிஜப் பெயர் லூட்விக் டர்லாக்கர், தொழில் பெயர் புரொஃபசர் அட்டிலா. இவரும் மேடையில் பளு தூக்கியவர்தான். ஆனால், மேடையை மட்டும் நம்பாமல், வசதியானவர்களுக்குத் தனியாக உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தும் சம்பாதித்தவர். அரச குடும்பத்தினர் வரை அவருக்கு மாணவர்கள் உண்டு. அட்டிலாவின் கூடத்தில் சாண்டோ கனமான இரும்பைத் தூக்கி வளர்ந்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்போதைக்குப் பையில் காசு இல்லை. ஆம்ஸ்டர்டாமில் வாய்ப்பு தேடி அலைந்தபோது நடந்ததாக அவர் சொல்லும் ஒரு சம்பவம் சுவாரஸ்யமானது. ஊரில் அங்கங்கே காசு போட்டு பலத்தைச் சோதிக்கிற இயந்திரங்கள் இருந்தன. ராத்திரியில் ஒரு வண்டியை அமர்த்திக்கொண்டு போய், அவற்றை ஒவ்வொன்றாக இழுத்து உடைத்திருக்கிறார். மறுநாள் ஊரே இதைப் பற்றிப் பேச, கடைசியில் போலீஸிடம் மாட்டி, இவர்தான் அந்த ஆள் என்று எல்லோருக்கும் தெரியவந்ததாம். விளம்பரத்துக்கு ஒரு பைசா செலவில்லை. வைரல் ஆவது எப்படி என்று யாரும் அவருக்கு கிளாஸ் எடுத்திருக்கவில்லை.

லண்டனில் ஒரே ராத்திரியில்

1889. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்த ராயல் அக்வேரியத்தில் சார்லஸ் சாம்ப்சன் என்ற பலசாலி ஷோ நடத்திக்கொண்டிருந்தார். தன் சிஷ்யன் சைக்ளாப்ஸை ஜெயித்தால் 100 பவுண்டு, தன்னையே ஜெயித்தால் 500 பவுண்டு என்று தினமும் மேடையிலிருந்து சவால் விடுவார். அட்டிலாவுக்குத் தகவல் போனது. சிஷ்யனை லண்டனுக்கு வரவழைத்தார்.

சவால் விட்டதும் கூட்டத்திலிருந்து எழுந்துவந்த சாண்டோ, கோட் சூட்டில், ஒற்றைக் கண்ணாடியோடு ஒரு ஜென்டில்மேன் மாதிரி இருந்தாராம். மேடையேறும்போது கால் தடுக்கி கண்ணாடி விழ, கூட்டம் சிரித்தது. கோட்டைக் கழற்றியதும் சிரிப்பு நின்றது. முதலில் சிஷ்யன் தோற்றார். பிறகு குருவும் தோற்றார். மறுநாள் லண்டன் பத்திரிகைகளில் சாண்டோ. அப்புறம் பெரிய தியேட்டர்களில் ஒப்பந்தங்கள்.

எப்பவும் ஜெயித்துக்கொண்டே இருந்தார் என்று நினைக்க வேண்டாம். அடுத்த வருடமே, 1890 டிசம்பரில், ஹெர்குலிஸ் மெக்கான் என்பவரோடு நடந்த பளு தூக்கும் போட்டியில் தோற்றார். பலத்தில் அவருக்குச் சமமான, ஏன், அவரைவிடப் பலசாலியான ஆட்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களின் பெயர் இன்று நமக்குத் தெரியாது. சாண்டோ பெயர் மட்டும் கொடியில் காய்கிற பனியன் வரைக்கும் வந்திருக்கிறதே, அதற்குக் காரணம் அவர் தூக்கிய எடை இல்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு அமெரிக்கர். 1893-ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி. விவேகானந்தர் பேசினாரே, அதே வருடம், அதே ஊர், அதே கண்காட்சி சமயம். அங்கே டிரோகடெரோ என்ற அரங்கத்தை நடத்திய குடும்பத்தின் இளைஞர் ஃப்ளோரன்ஸ் ஜீக்ஃபெல்ட், சாண்டோவை நியூயார்க்கிலிருந்து அழைத்துவந்தார். பிற்காலத்தில் பிராட்வேயையே ஆட்டிவைத்த அதே ஜீக்ஃபெல்ட். இரண்டு மூன்று ஷோ பார்த்ததுமே அவருக்கு ஒன்று உறைத்தது. சாண்டோ எத்தனை கிலோ தூக்குகிறார் என்பதில் கூட்டத்துக்குப் பெரிய அக்கறை இல்லை. தூக்கும்போது அந்தத் தசை எப்படித் துடிக்கிறது என்பதைத்தான் வாய் பிளந்து பார்க்கிறார்கள்.

அவ்வளவுதான். ஷோவையே மாற்றினார்கள். எடை தூக்குவது குறைந்தது, உடம்பை நிறுத்திக் காட்டுவது கூடியது. நிகழ்ச்சி முடிந்ததும் பணக்காரப் பெண்கள் மேடைக்குப் பின்னால் வந்து தர்மக் காரியத்துக்கு நன்கொடை கொடுத்துவிட்டு அவர் புஜத்தைத் தொட்டுப் பார்க்கலாம் என்று ஓர் ஏற்பாடு. இன்று பாடிபில்டிங் மேடையில் போஸ் கொடுக்கிற வழக்கத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

போட்டோ இன்னொரு ஆயுதம். உடம்பில் வெள்ளைப் பவுடர் பூசி, இலையை மட்டும் மறைப்பாக வைத்து, பளிங்குச் சிலை மாதிரி நின்ற படங்கள் அட்டைகளாக அச்சாகி விற்றன. 1894 மார்ச்சில் எடிசனின் ஸ்டுடியோவில் அவரைச் சில நொடிகள் படம் பிடித்தார்கள். சினிமா என்ற ஒன்று பிறந்துகொண்டிருந்த நேரம் அது. அந்தத் துண்டுப் படம் இன்றும் யூடியூபில் கிடைக்கிறது. போய்ப் பாருங்க, 127 செகண்ட் எல்லாம் ஆகாது. கேமராவைப் பார்த்து அவர் தசையை முறுக்குவது, கண்ணாடி முன் செல்ஃபி எடுக்கிற தம்பிகளிடமிருந்து பெரிதாக வித்தியாசப்படவில்லை. அதே வருடம் கல்யாணம். மனைவி பிளான்ச், மான்செஸ்டர் போட்டோகிராஃபர் ஒருவரின் மகள்.

அதே 1894-ல் சான்பிரான்சிஸ்கோவில் சிங்கத்தோடு மல்யுத்தம் என்று ஒரு கூத்து. சிங்கத்துக்கு வாய்ப்பூட்டு, நகத்துக்கு உறை. அது சண்டை போடவே வரவில்லை. டிக்கெட் வாங்கியவர்கள் கடுப்பாகிக் கத்தினார்கள். காட்சி வாழ்க்கையில் இப்படியும் நாட்கள் வரும்.

மேடையிலிருந்து ஜிம்முக்கு

ஜிம் டிரெய்னர் யாரிடமாவது மனசுவிட்டுப் பேசினால் ஒரு கவலை கண்டிப்பாக வெளியே வரும். 28 வயதில் உடம்பு இருக்கிறது, கிளையன்ட் வருகிறார்கள். 45 வயதில்? தோள்பட்டை கிழிந்தால்? கடைக்கு போர்டே நம்ம உடம்புதான் என்றால், போர்டு மங்கும்போது கடை என்ன ஆகும்?

முப்பது வயதில் சாண்டோவும் அந்த இடத்தில்தான் நின்றார். ஊர் ஊராகப் போய், ஒரு ராத்திரிக்கு ஒரு ஷோ. உடம்பு அசதி காட்ட ஆரம்பித்திருந்தது. அப்போது அவருக்கு குரு அட்டிலாவின் வழி ஞாபகம் வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தூக்கிக் காட்டுகிறவனுக்கு ஒரு நாள் கூலி. சொல்லிக்கொடுக்கிறவனுக்கு மாதா மாதம் வரும்படி.

1897-ல் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் தன் உடற்பயிற்சிப் பள்ளியைத் திறந்தார். இடத் தேர்வைக் கவனிக்கணும். பணக்காரர்களின் கிளப்களும் அரண்மனையும் இருக்கிற தெரு அது. வியர்வை நாற்றம் அடிக்கிற கோதாவாக இல்லாமல், கனவான்கள் கூச்சமில்லாமல் வந்துபோகிற இடமாக அதை அமைத்தார். சேர்ந்தவுடன் உடம்பை அளப்பார்கள். கழுத்து, மார்பு, கை, தொடை எல்லாம் எழுதிவைப்பார்கள். ஆளுக்கு ஏற்ற மாதிரி பயிற்சி. சில மாதங்கள் கழித்து மறுபடியும் டேப். பெண்களுக்கும் பயிற்சி உண்டு. இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூச்சு முட்ட நடப்பதுதான் நாகரிகம் என்று இருந்த காலத்தில், பெண்களும் உடற்பயிற்சி செய்யணும் என்று எழுதினார். அப்புறம் அவரே ஆரோக்கியமான இடுப்புக் கச்சை என்று ஒன்றைத் தயாரித்து விற்றது தனிக் கதை. வியாபாரி அல்லவா!

கூட்டம் வந்ததற்குக் காலமும் ஒரு காரணம். லண்டன் முழுக்க நாள் பூரா நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற குமாஸ்தாக்கள் பெருகியிருந்தார்கள். இந்தப் பக்கம் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம். ராணுவத்தில் சேர வந்த இளைஞர்களில் நிறைய பேரை உடம்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நம்ம பசங்க இவ்வளவு நோஞ்சானா என்று நாடே பதறியது. அந்தப் பதற்றத்துக்கு சாண்டோவிடம் மருந்து இருந்தது. ஐ.டி. வேலை, முதுகுவலி, ஜிம் மெம்பர்ஷிப் என்று இன்று ஓடுகிற வண்டியும் கிட்டத்தட்ட அதே ரூட்தான்.

அவர் மாணவர்களில் நமக்குத் தெரிந்த பெயர், ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில். பின்னாளில் ஒரு கார் விபத்தில் வண்டி கவிழ்ந்து டாயிலின் முதுகின் மேலேயே பாரம் இறங்கியது. உயிர் பிழைத்ததற்கு சாண்டோவிடம் எடுத்த பயிற்சியும் காரணம் என்று அவர் நம்பினார். ஒரு கோச்சுக்கு இதைவிட நல்ல ரிவ்யூ கிடைக்குமா?

நேரில் வர முடியாதவனுக்கு?

ஒரு டிரெய்னருக்கு ஒரு நாளில் இருப்பது 24 மணி நேரம்தான். காலையில் 5 மணியிலிருந்து 10 வரை, சாயங்காலம் 5-லிருந்து 10 வரை என்று நின்றாலும், இத்தனை பேருக்கு மேல் பார்க்க முடியாது. வருமானம் அங்கேயே முட்டி நிற்கும். சாண்டோ இதைத் தாண்டினார்.

1897-ல் வந்த அவர் புத்தகம், படங்களோடும் பயிற்சி சார்ட்டோடும் வீட்டிலேயே செய்யலாம் என்று சொன்னது. 1898-ல் சொந்தப் பத்திரிகை. தொலைவில் இருப்பவர்கள் தங்கள் அளவுகளை எழுதி அனுப்பினால், அதற்கு ஏற்ற பயிற்சி தபாலில் வரும். முன்னேற்றம் கண்ட வாசகர்களின் போட்டோக்களைப் பத்திரிகையில் போட்டார். பக்கத்து ஊர்க்காரன் போட்டோ வந்ததைப் பார்த்து இன்னும் நாலு பேர் சேர்வார்கள்.

பயிற்சி செய்ய சாமான் வேணும் இல்லையா? அதையும் அவரே விற்றார். ரப்பர் கயிறும் கப்பியும் வைத்த டெவலப்பர். அப்புறம் அவருடைய பிரபலமான ஸ்பிரிங் டம்பெல். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த டம்பெல், நடுவே எஃகு ஸ்பிரிங்குகள். அதை முழுசாக அமுக்கிப் பிடித்துக்கொண்டேதான் பயிற்சியைச் செய்யணும். பிடி தளர்ந்தால் இரண்டு பாதியும் விலகிக் காட்டிக் கொடுத்துவிடும். பலம் ஏற ஏற ஸ்பிரிங்கைக் கூட்டிக்கொள்ளலாம். மனசை ஒரு இடத்தில் நிறுத்தாமல் சும்மா கையை ஆட்டினால் பலன் இல்லை என்பது அவர் கொள்கை. அதை உபதேசமாகச் சொல்லாமல் பொருளாகவே செய்துவிட்டார். நேர்மையாகச் சொன்னால், புத்திசாலித்தனமான கண்டுபிடிப்பு.

ஆனா, ஒரு நெருடல் இருக்கிறது. மேலே ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இதற்குத்தான். சாண்டோ விற்றது லேசான டம்பெல். தினமும் கொஞ்ச நேரம், நிறைய தடவை, வீட்டிலேயே. போட்டோவில் இருந்த உடம்போ அட்டிலாவின் கூடத்தில் கனமான இரும்பைத் தூக்கித் தூக்கி உருவானது. லேசான டம்பெல்லை மட்டும் ஆட்டினால் ஆரோக்கியம் வரும், கூன் நிமிரும், சுறுசுறுப்பு கூடும். அந்தப் போட்டோவில் இருக்கிற உடம்பு வராது. அவர் காலத்திலேயே இதை விமர்சித்தவர்கள் இருந்தார்கள். குமாஸ்தா வேலை பார்க்கிறவனுக்கு கனமான இரும்பைக் கொடுத்தால் முதுகை உடைத்துக்கொள்வான், அவனுக்கு லேசானதுதான் சரி என்று சாண்டோ தரப்பில் வாதிடலாம். அதுவும் உண்மைதான். ஆனால் அப்படியென்றால் விளம்பரத்தில் அந்த போட்டோ எதற்கு? இன்றைக்கு சிக்ஸ் பேக் படத்தைப் போட்டு 12 வார பேக்கேஜ் விற்கிற யாரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

ஆல்பர்ட் ஹாலில் ஒரு மேடை

அவர் பண்ணியதிலேயே பெரிய காரியம் 1901 செப்டம்பர் 14 அன்று நடந்தது. பத்திரிகை ஆரம்பித்த 1898-லேயே போட்டியை அறிவித்துவிட்டார். இங்கிலாந்தின் மாவட்டங்கள்தோறும் சுற்றுகள். ஜெயித்தவர்கள் கடைசியில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு வரணும். மூன்று வருடம் ஒரு நாட்டு இளைஞர்களை டம்பெல்லும் கையுமாக வைத்திருந்த போட்டி அது. அத்தனை பேரும் அவர் பத்திரிகையை வாங்கினார்கள் என்று தனியாகச் சொல்லணுமா என்ன.

இறுதிச் சுற்றில் 60 பேர். நடுவர்கள் மூவர்: சாண்டோ, சிற்பி சார்லஸ் லாஸ், கானன் டாயில். ஹால் நிரம்பி வழிந்து, உள்ளே இடம் கிடைக்காமல் திரும்பியவர்களும் உண்டு. வசூல் போர் நிவாரண நிதிக்குப் போனது. எனக்குப் பிடித்த விஷயம், மதிப்பெண் போட்ட விதம். யார் கை பெரிசு என்று பார்க்கவில்லை. உடம்பின் எல்லாப் பகுதியும் சமமாக வளர்ந்திருக்கிறதா, தசை உறுதியாக இருக்கிறதா, ஆரோக்கியம் எப்படி, தோல் எப்படி என்று பார்த்தார்கள். புஜத்தை மட்டும் ஊதி வைத்துக்கொண்டு கால் குச்சியாக வந்தவன் அவுட். லெக் டே கட் அடிக்கிறவர்கள் கவனிக்க.

நாட்டிங்ஹாம்காரர் வில்லியம் முர்ரே ஜெயித்தார். பரிசு, சாண்டோவையே சிலையாக வடித்த தங்க நிறப் பொம்மை.

இந்தியாவிலிருந்து ஒரு வீடு

1902-லிருந்து உலகம் சுற்றினார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிறகு தென்னாப்பிரிக்கா. 1904 - 05-ல் இந்தியா. கல்கத்தா, பம்பாய் என்று போன இடமெல்லாம் கூட்டம். அவர் வருவதற்கு முன்பே அவர் புத்தகமும் டம்பெல்லும் இங்கே வந்திருந்தன. தண்டால், பஸ்கி, கர்லா கட்டை என்று பரம்பரையாக உடம்பை வளர்த்த நாட்டுக்கு உடற்பயிற்சி புதுசு இல்லை. அதை சார்ட் போட்டு, டேப் வைத்து அளந்து, போட்டோ எடுத்துத் தொழிலாக நடத்தலாம் என்பதுதான் புதுசு. பின்னால் பெங்களூரில் கே.வி. அய்யர் ஜிம் நடத்தி, போட்டோக்களோடு புத்தகம் போட்டு, தபாலில் பாடம் அனுப்பி, மைசூர் மகாராஜா வரை மாணவராகப் பெற்றது இதே தடத்தில்தான்.

இந்தியத் தொடர்பில் இன்னொன்று, பலருக்குத் தெரியாது. பம்பாய் பார்சி தொழிலதிபர் தஞ்சிபாய் பொமன்ஜி சாண்டோவின் பயிற்சி முறையால் உடல்நலம் தேறினார். நன்றிக்குக் கொடுத்த அன்பளிப்பு சின்னது இல்லை. அந்தப் பணத்தில் 1906-ல் லண்டன் ஹாலந்து பார்க் அவென்யூவில் நான்கு மாடி வீட்டைக் குத்தகைக்கு எடுத்தார் சாண்டோ. வீட்டுக்கு தஞ்சிபாய் என்றே பெயர் வைத்தார். சாகும்வரை 19 வருடங்கள் அங்கேதான் இருந்தார். தீபாவளிக்கு கிளையன்ட் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தாலே ஸ்டேட்டஸ் போடுகிற டிரெய்னர் நண்பர்கள், கொஞ்சம் பொறாமைப்பட்டுக்கொள்ளலாம்.

அதே 1906-ல் பிரிட்டிஷ் பிரஜை ஆனார். 1911-ல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜுக்கு உடற்பயிற்சிப் பேராசிரியர் என்ற அரச நியமனம் வந்தது. ஊர் ஊராக ஓடிய சர்க்கஸ் பையனுக்கு இதற்கு மேல் என்ன வேணும்?

கோகோ டப்பா

இதற்கு மேலும் வேணும் என்று நினைத்ததில்தான் சறுக்கல்.

1907-லேயே பத்திரிகை நின்றுபோயிருந்தது. அதற்கப்புறம் அவர் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தடம் மாறியது. உடற்பயிற்சியால் உடம்பு நல்லாயிருக்கும் என்பது போய், உடற்பயிற்சியால் வியாதிகளையே தீர்க்கலாம் என்று சிகிச்சை நிலையமாகவே விளம்பரம் செய்தார். பல்வேறு நோய்களுக்குத் தனித்தனி சிறு புத்தகங்கள். சிலருக்கு உண்மையிலேயே பலன் கிடைத்திருக்கும், பொமன்ஜி இருக்கிறாரே. ஆனால், டிரெய்னர் டாக்டர் ஆகிற இடத்தில் எப்போதும் ஒரு பள்ளம் இருக்கிறது.

அப்புறம் ஹெல்த் அண்ட் ஸ்ட்ரெங்த் கோகோ. சாண்டோ படம் போட்ட டப்பா. இன்றைய புரோட்டீன் டப்பாவின் கொள்ளுத் தாத்தா. சொந்தத் தொழிற்சாலை, பெரிய முதலீடு. கோகோ வியாபாரத்தில் அப்போதே காட்பரி மாதிரியான ஜாம்பவான்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஆள் சார்ட் போடுவது அவர் கைவந்த வேலை. டன் கணக்கில் கோகோ விற்பது வேறு வேலை.

1914-ல் முதல் உலகப் போர் வெடித்தது. ஜெர்மனி எதிரி நாடு. இங்கிலாந்தில் ஜெர்மன் பெயர் வைத்த கடைகளின் கண்ணாடிகள் உடைந்தன. சாண்டோ பிரிட்டிஷ் பிரஜைதான். போருக்கு முன்பே, உடல்தகுதி இல்லையென்று ராணுவம் திருப்பி அனுப்பியவர்களைத் தயார் செய்ய உதவியவர்தான். எதுவும் எடுபடவில்லை. பிறந்த ஊர் கோனிக்ஸ்பெர்க் என்பதை யாரும் மறக்கவில்லை. தன் முகத்தையும் பெயரையும் டப்பாவில் ஒட்டி விற்றவருக்கு, அந்தப் பெயரே பாரமானது. போர் நடுவிலேயே கோகோ கம்பெனி திவாலாகி மூடப்பட்டது.

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1919-ல் இன்னொரு தடிமனான புத்தகம். செயின்ட் ஜேம்ஸ் தெருவில் பயிற்சியும் தொடர்ந்தது. ஆனால் பழைய கூட்டம் இல்லை. உலகம் வேறு ஆட்களைப் பார்க்க ஆரம்பித்திருந்தது.

1925 அக்டோபர் 14 அன்று, 58-வது வயதில், அதே ஹாலந்து பார்க் வீட்டில் இறந்துபோனார். பள்ளத்தில் இறங்கிய காரை ஒற்றை ஆளாகத் தூக்கினார், அதில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று ஒரு கதை பரவியது. பலசாலிக்குப் பொருத்தமான சாவு என்று எல்லோரும் அதை நம்ப விரும்பினார்கள். இறப்புச் சான்றிதழில் இருந்தது பெருந்தமனி வீக்கம். இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்குகிற நோய். வெளியே இருக்கிற தசையை அளக்கிற டேப்பில் அது தெரியாது.

லண்டன் புட்னி வேல் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பிளான்ச்சுக்கும் அவருக்கும் கடைசிக் காலத்தில் ஒத்துப்போகவில்லை. கல்லறையில் பெயர் பொறித்த கல் எதுவும் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உலகத்திலேயே அதிகமாகப் போட்டோ எடுக்கப்பட்ட உடம்புகளில் ஒன்று, அடையாளம் இல்லாத மண்மேடாகப் பல வருடங்கள் கிடந்தது.

1977-லிருந்து மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் ஜெயிப்பவர்களுக்குக் கொடுக்கிற கோப்பை சாண்டோ சிலைதான். கையில் உருண்டைக் குண்டு வைத்த பார்பெல்லோடு நிற்குமே, அந்த ஆள்தான் இவர். அர்னால்டும் ரோனி கோல்மேனும் அதைக் கையில் தூக்கிப் பிடித்த படங்கள் நம்ம ஊர் ஜிம் சுவர்களில்கூட ஒட்டியிருக்கும். அந்தச் சிலையைக் கொடுக்க ஆரம்பித்து கால் நூற்றாண்டு கழித்து, 2002-ல்தான் அபிமானி ஒருவர் புட்னி வேலில் ஒரு கல் வைத்தார். ஆறு வருடங்களுக்குப் பிறகு அவர் வம்சாவளியில் வந்த ஒருவர் அந்த இடத்தை விலைக்கு வாங்கி, வெளிர் சிவப்பில் பெரிய பாறை ஒன்றை நிறுத்தினார். அதில் சாண்டோ என்ற ஒரே ஒரு சொல் பொறித்திருக்கிறது.